ஜப்திப் பட்டியல்

ஆர்ரின் வெதர்பீ வென்ற முதல் வழக்கு
ஒரு பசுவுக்கு எதிரானது.

டன்மோர் மாவட்டம், மார்ச் மாதச் சேறு.
தகரப் பெட்டியில் இரண்டு சட்டப் புத்தகம்,
இரவல் கோட்டு.
கட்சிக்காரர் சாராயக் கடைக்காரர்.
கடன்பட்டவன் குடித்துத் தீர்த்தது பதினொரு டாலர்.
ஜப்தியில் போனது
அவன் மனைவி பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்த பசு.

"அது என்னுடையது" என்றாள் கெசையா டட்டில்.
"கல்யாணமானவளுக்கு 'என்னுடையது' கிடையாது, அம்மா"
என்றார் ஆர்ரின். சட்டம் அப்படித்தான் இருந்தது.
நீதிபதி தலையசைத்தார்.
பசு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை;
மடி கனத்து, நீதிமன்ற வாசலில்
பொழுது சாயும்வரை கத்தியது.

பதினான்கு வருடம் கழித்து, தலைநகரில்,
என் மேசைக்கு ஒரு மசோதா வந்தது.
நான் சட்டமன்றத்தில் நகலெடுப்பவன்.
பக்கத்துக்கு மூன்று சென்ட்.
'மனைவி கொண்டுவந்தது மனைவிக்கே.
கணவன் கடனுக்கு அதைத் தொடலாகாது.'
கீழே, உறுப்பினர் வெதர்பீயின் கோணல் கையெழுத்து.

முதல் வருடம் சிரித்தே தோற்கடித்தார்கள்.
அடுத்த வருடம் சிரிக்காமல்.
அவர் பேச்சாளர் அல்லர்;
தொண்டையைச் செருமுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.
யாரோ கேட்ட கால்வாய்க்குக் கை தூக்கி,
யாரோ கேட்ட பன்றி வேலிக்குத் தலையாட்டி,
அந்தியில் கோழி அடைப்பதுபோல்
வாக்குகளை ஒவ்வொன்றாய் உள்ளே தள்ளினார்.
மூன்றாம் வருடம், ஒரே வாக்கில், நிறைவேறியது.
அந்த ஒருவர் அரைத் தூக்கத்தில் இருந்தார் என்பது
அவைக் குறிப்பில் இல்லை.

கெசையாவுக்குக் கடிதம் போட்டார்.
'அயோவா போய்விட்டாள்' என்ற கிறுக்கலோடு
திரும்பி வந்தது.

ஐம்பத்தேழில் வங்கிகள் சரிந்தன.
ரயில் பங்கில் போட்டதெல்லாம்
ரயில் வராமலே புகையாய்ப் போனது.
ஷெரிஃப் பட்டியலோடு வந்தார்.
சட்ட நூல் நாற்பது, குதிரை, சேணம்,
வெள்ளிப் பிடி வைத்த கைத்தடி.
சுவர்க் கடிகாரத்தில் கைவைத்தபோது
சமையலறையிலிருந்து வந்தாள் மெஹிட்டபெல் வெதர்பீ,
முழங்கை வரை மாவு.
"அது என்னுடையது."
கட்டில்?
"என்னுடையது."
அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி?
"அதுவும்."

ஷெரிஃப் பையிலிருந்து சட்ட நகலை எடுத்துப் படித்தார்
(என் கையெழுத்துதான், மூன்றாம் வரியில் மைக்கறை),
தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

முன்னாள் உறுப்பினர் எழுந்து
கொஞ்ச நேரம் நின்றாராம்.
பிறகு, தொண்டையைச் செருமி:
"உட்காரலாமா?"

"முதலில் பசுவைக் கறந்துவிட்டு வாருங்கள்" என்றாளாம்.
பசுவும் அவளுடையதுதான்.