இரண்டாம் தேதி

எங்கள் ஊரில் சொல்வார்கள்:
ஜனவரி இரண்டாம் தேதியை எப்படிக் கழிக்கிறாயோ
ஆண்டும் அப்படியே கழியும்.
பெதோபா என்று அதற்குப் பெயர்.
அன்று நல்லதாகச் சாப்பிட வேண்டும்,
யாரிடமும் கடன்படக் கூடாது.

போன வருடம் அன்றைக்கு
யார் முகத்தில் விழித்தேனோ,
லிஃப்டில் மாட்டிக்கொண்டேன்.

திபிலிசியின் வடகோடி, ஒன்பது மாடிக் கட்டடம்.
காசு போட்டால்தான் மேலே போகும் அந்தக் கிழட்டுப் பெட்டி.
இறங்குவது இலவசம்.
என்னிடம் சில்லறை இல்லை.
ஏழாம் மாடி வர்லாம்
எனக்கும் சேர்த்து ஒரு பத்து தெத்ரி போட்டார்.
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே
ஒரு முனகல், ஓர் இருமல்,
பிறகு இருட்டு.

இரண்டரை மணி நேரம்.
அவர் பையில் கமலா ஆரஞ்சு.
என் சாவிக்கொத்தில் சுண்டுவிரல் அளவு விளக்கு.
உரித்த தோலையெல்லாம் என் கம்பளித் தொப்பியில் போட்டோம்.
தன் மூன்று கல்யாணங்களையும் சொன்னார்,
மூன்றாவதுக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு.
“போச்சு, இந்த வருடம் இப்படித்தான்” என்றேன்.
“ஏன், பழம் இனிக்கிறதே” என்றார்.

மார்ச்சில் எங்கள் மருந்துக்கடையை
ஒரு பெரிய கம்பெனி வாங்கியது.
பத்தொன்பது வருட வெள்ளைக் கோட்டை மடித்துக் கொடுத்தேன்.
ஒரு பொத்தான் குறைகிறது என்று
எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள் கணக்குப் பெண்.
ஏப்ரலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
தூங்கினேன்.

மே மாதம்
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய் ஒன்று
பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தது.
“உங்களுடையதா?” என்றார் பரிசோதகர்.
“இல்லை” என்றேன்.
நாயும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.
இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினோம்.
அதற்குப் பின் அது இல்லாமல்
ரொட்டி வாங்கப் போனதில்லை.

நுத்ஸா போலந்துக்குப் போனாள்.
பெட்டியின் எடை கூடிவிட்டது.
இரண்டு கிலோ வால்நட்டை வெளியே எடுத்தோம்.
கண்ணாடிக்கு அப்பால் அவள் சிவப்புப் பை
சிறுத்து, திரும்பி, மறைந்தது.
அழலாம் என்று நினைத்த நேரத்தில்
கையிலிருந்த காகிதப் பை கிழிந்தது.
விமான நிலையம் முழுக்க உருண்டன வால்நட்டுகள்.
முன்பின் தெரியாத ஆறு பேர் குனிந்து பொறுக்கினார்கள்,
அதில் ஒருத்தி போலீஸ்காரி.
எண்ணிக் கொடுப்பதுபோல் கொடுத்தாள்.
சிரித்துவிட்டேன்.
அழுகை இரவு பாத்திரம் கழுவும்போது வந்தது.

ஆகஸ்டில் வெயில், வெயில், தண்ணீர் வராத குழாய்,
வர்லாமோடு முற்றத்தில் பகடை.
ஏமாற்றுவார்.
கண்டுபிடித்தால் சந்தோஷப்படுவார்.

அக்டோபர் பதினான்கில் அவர் போனார்.
பார்த்து, லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்த வாரம்.
ஏழு மாடியும் படி வழியே.
ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை
நிமிர்த்தித்தான் திருப்ப முடிந்தது.
ஐந்தாம் மாடியில் ஒரு நொடி
என் கதவுக்கு நேரே
அவர் நின்றுகொண்டிருந்தார்.
மூன்று மனைவிகளில் இருவர் வந்திருந்தார்கள்.
ஒருத்தி குதிகால் செருப்பைக் கையில் பிடித்தபடி
வெறுங்காலோடு இறங்கினாள்.
மூன்றாமவளா என்று யாரிடமும் நான் கேட்கவில்லை.

இப்போது பேக்கரியில் மாவு நிறுக்கிறேன்.
மில்லிகிராமிலிருந்து மூட்டைக்கு.
முதல் வாரம் விரல்கள் நம்பவில்லை.
சம்பளம் குறைவு, கை சூடு.

புது லிஃப்ட் வந்துவிட்டது.
முகம் பார்க்கக் கண்ணாடி, மாடி சொல்லும் பெண்குரல்,
காசுக்குப் பதில் அட்டை.
அவருக்குத் திருப்பித் தர
கோட்டுப் பையில் வருடம் முழுக்க வைத்திருந்த பத்து தெத்ரி,
போட ஓட்டை இல்லை.

இன்று இரண்டாம் தேதி.
கதவைத் திறந்தால் நாய்.
ஒரு கமலா ஆரஞ்சு எடுத்துக்கொண்டு
ஏழை அழுத்தினேன்.
அவர் வாசலில் யாரோ குழந்தையின் பூட்ஸ், பனி உருகிய ஈரம்,
உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை.
பழத்தைப் பூட்ஸுக்குள் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இறங்கும்போது
ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
நிற்கவில்லை.

கொஞ்சம் நின்றிருக்கலாம்.