ஐந்தாவது சீட்டு

மார்கழி. வாடைக்கடல் உப்புவெளிக் கரையைத் தின்கிறது.
இருபத்திரண்டு அறையில் ஒன்றில் மட்டும் ஆள்:
மின்விசிறி முனகுதென்று இரண்டுதரம் முறையிட்ட
குருநாகல் வங்கிக்காரர், ஏழாம் நம்பர்.
இரவுக் கடமை எனக்கு.
கவுண்டருக்குக் கீழே போன்.
போனுக்குள் ஆறு கதிரை போட்ட பச்சை மேசை.

பத்தொன்பது நாளாய்த் தோற்கிறேன்.

முதல் நாலு நாள் கணக்கில்லை, எவரும் தோற்பார்கள்.
ஐந்தாம் நாள் இருக்கையை மாற்றினேன்.
எட்டாம் நாள் வைஃபையைத் திட்டினேன்.
பதினோராம் நாள் கோணேசர் மலைக்கு ஏறி
தேங்காயும் கையுமாய் நின்றேன்.
என்ன கேட்டு உடைப்பது?
சாமி, எனக்கு ஆஸ் தரவேண்டாம்,
தந்த ஆஸைக் கடைசிவரை நிற்கவிடு என்றா?
தேங்காயைத் தனுசாவிடமே கொண்டுவந்து கொடுத்தேன்.
சம்பல் நல்லாயிருந்தது.

சம்பளத்தில் பாதி எங்கே என்று கேட்டாள்.
சீட்டில போட்டிருக்கிறன் என்றேன்.
ஒரு சொல்லும் பொய்யில்லை.
"எங்கட முறை எப்ப வரும்?" என்றாள்.
அதற்குத்தான் பதில் தெரியவில்லை.

முதலில் மூன்று சீட்டு விரிப்பார்கள். பிறகு ஒன்று.
ஐந்தாவதாய் விழுவதற்கு ரிவர் என்று பேர்.
எவன் வைத்தானோ.
எனக்குத் தெரிந்த ஆறு மகாவலி.
எங்கோ மலையில் ஒருவன் கால் கழுவிய தண்ணீர்,
யாரோ வயலுக்கு எறிந்த உரம்,
ஒற்றைச் செருப்பு, சோடாப்போத்தல், செத்த கன்று
எல்லாவற்றையும் கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து இறக்கும்.
எவருக்கு எது வேண்டுமென்று கேட்டு வருவதில்லை.

நேற்று என் கையில் இரண்டு ராஜா.
எதிரே பெருவோ பிலிப்பைன்ஸோ,
தவளைப் படம் போட்ட ஒருவன்,
அவனிடம் ஒரு சோடி நாலு.
மிச்சம் நாற்பத்துநாலு சீட்டில்
அவனைக் காப்பாற்ற இரண்டே இரண்டு.
ஆறு அதில் ஒன்றை ஒதுக்கியது.
கலாவரை நாலு.

நான் பிழையாய் விளையாடவில்லை.
பிழையென்றால் திருத்தலாம்.
சரிக்கு என்ன செய்வது?
(அதற்குப் பிறகு இருபது நிமிடம் விளையாடியது பிழைதான்.
அது நானல்ல, என் காதுச் சூடு.
ராஜாக்கள் இழந்ததைப்போல் இரண்டு மடங்கு
அந்த இருபது நிமிடத்தில் போனது.
அதைக் கொப்பியில் எழுதவில்லை.
இங்கே எழுதுகிறேன்.)

காவலுக்கு நிற்கும் றிஸ்மி, கிண்ணியாக்காரன்,
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.
"இதில ஆருதான் வெல்லுற?"
மேசைக்காரன் என்றேன்.
ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு கிள்ளு எடுப்பான்.
"அப்ப நீங்க ஆறு பேரும்?"
மழை ஓடு பிரிக்கிற சத்தத்தில்
கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

இன்று இரண்டு சத மேசை.
காசு சின்னதென்றால் காது சுடாதென்று ஒரு கணக்கு.
இரண்டே முக்காலுக்கு ஏழாம் நம்பர் மணி அடித்தார்,
குடிக்கச் சுடுதண்ணீர் வேண்டும்.
கேத்தல் கொதிக்கும்வரை நின்று
கொடுத்துவிட்டு வந்து பார்த்தால்
என் சீட்டை மேசையே மடித்துவிட்டிருந்தது.
என்ன சீட்டு? மறந்துபோயிற்று.
ஐந்துபேர் எனக்கில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
கதிரையில் என் பேர் மங்கலாய்.
மூன்று மணிவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தத் தவளைக்காரனும் இருந்தான்.
தோற்றுக்கொண்டிருந்தான்.
சந்தோசம் வருமென்று காத்திருந்தேன்,
வரவில்லை.

விடிய வீட்டுக்குப் போகையில்
பஸ் நிலையத்தருகே மான்கள்.
விழாமல் எறிந்த லொத்தர்ச் சீட்டுகளை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தின்கின்றன,
நம்பர் பார்க்காமல்.
மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.
ஒரு பெட்டைமான் என் சட்டைப் பையை முகர்ந்தது.

பைக்குள் போன் அதிர்ந்தது:
உங்கள் கதிரை இன்னும் காத்திருக்கிறது.

உதைத்தேன். பற்றவில்லை.
இன்னொருதரம் உதைத்தேன்.