நாற்பத்து மூன்றாவது மரம்

குலசேகரத்தில் விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது
எனக்கு முதல் மரம்.
நெற்றி லைட்டு காட்டுகிற அளவுதான் உலகம்:
ஒரு வெட்டு, ஒரு தகரச் சில்லு, ஒரு சிரட்டை.

முந்நூற்றுப் பன்னிரண்டு மரம் என் கணக்கில்.
பிரைவேட்டாகப் பிளஸ் டூ எழுத
ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைக் கட்டிவைத்திருந்தேன்.
ஒன்று, செல் சுவர்.
இரண்டு, செல் சவ்வு.
கோணிப்போன ஒன்பதாவது, கோல்கை உறுப்பு.
மைட்டோகாண்ட்ரியாவுக்கு
நல்ல பால் தருகிற மரமாகப் பார்த்துக் கொடுத்தேன்.
பாக்டீரியா எல்லாம் ஓடைக்கரையில்;
அங்கேதான் அட்டை,
அங்கேதான் ஒட்டுப்பால் இரண்டே நாளில் நாறத் தொடங்கும்.

"யாருட்ட பேசுத?" என்பாள் பக்கத்து பிளாக்கில் ரோஸ்லெட்.
"பாசில்லஸுட்ட."
"அவன் எந்த ஊரு?"

கத்தி ஒரு நூல் கூடுதலாக இறங்கினால் கேம்பியம்.
தொட்டுவிட்டால் மரம் மறக்காது.
அந்த இடம் முடிச்சாகப் புடைத்து
பத்து வருஷம் கழித்து வருகிறவளின் கத்தியைத் தடுக்கும்.
கேள்வித்தாளில் அதற்கு இரண்டு மதிப்பெண்.
எனக்கு அரைநாள் கூலி.

பால் என்று நாங்கள் சொல்வது
செல்லின் உள்ளே இருந்ததுதானாம்.
அடுத்தடுத்த செல்கள் இடைச்சுவரைக் கரைத்துக்கொண்டு
ஒரே குழாயாகக் கிடக்குமாம்.
ஓரிடத்தில் கீறினால்
எல்லா வீட்டுச் சோறும் இந்த வாசலில் வடியும்.
உட்கரு மட்டும் வராது.
ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும்,
மூன்றாம் நாள் நான் வருவதற்குள்
எல்லாவற்றையும் மறுபடி உண்டாக்கிவைக்க.

இதைப் படித்த அன்று
பதினாலு மரத்தை வெட்டாமல் விட்டேன்.
வில்பிரின் மேஸ்திரி சிரட்டையை எண்ணிப் பார்த்து
கூலியில் பிடித்துக்கொண்டார்.

நாற்பத்து மூன்றில் நொதியை வைத்திருந்தேன்.
ஆனிக் காற்றில் அது முறிந்தது.
லாரி வந்து விறகுக்கு ஏற்றிப்போனது.
சொல்லை வேறு மரத்துக்கு மாற்றியிருக்கலாம்.
சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

தேர்வு மார்த்தாண்டத்தில்.
பெஞ்சு பதினேழு வயசுக்காரருக்குச் செய்தது; முட்டி இடித்தது.
எவ்வளவு தேய்த்துக் குளித்தும்
விரலிடுக்கில் ஆசிட் வாடை.
ஐந்து மதிப்பெண்: நொதி என்றால் என்ன? செயல்படும் விதத்தை விளக்குக.

கண்ணை மூடி நடந்தேன்.
நாற்பத்தொன்று இருக்கிறது.
நாற்பத்திரண்டு இருக்கிறது,
மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை கிழிந்து.
அடுத்தது வெறும் வெளிச்சம்.
ஒரு குழி. குழிக்குள் காட்டுச்சேம்பு.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
ஃபேன் சுற்றியது. யாரோ அடிஷனல் ஷீட் கேட்டார்கள்.
பிறகு எழுதினேன்:
வரும்.
பொருந்துகிற இடத்தில் மட்டும் பொருந்தும்.
முறிக்க வேண்டியதை முறிக்கும்,
இணைக்க வேண்டியதை இணைக்கும்,
தான் மாறாமல் விலகி அடுத்ததுக்குப் போகும்.
ஒன்றே போதும், விடிவதற்குள் முந்நூறு மரம்
என்று கை தானாக எழுதிவிட்டது.
அந்த வரியை அடித்தேன்.

'தான் மாறாமல்' என்பதில் பேனா நின்றது.
மூன்று வருஷமாக
என் வலது தோளைத் தூக்கினால்
பழைய கதவின் சத்தம்.
அடிக்கவில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.
வெப்பம் கூடினால் நொதி இயல்பிழக்கும்
என்று கீழே ஒரு வரி சேர்த்தேன்.
அதற்கு ஒரு மதிப்பெண் உண்டு.

மறுநாள் குழியோரம்
ஒரு ரப்பர் கொட்டை வெடித்துக் கிடந்தது.
வெள்ளை முளைவேர்
யாரும் சொல்லாமலே கீழே வளைந்திருந்தது.
மேஸ்திரி பார்த்தால் பிடுங்கிவிடுவார்;
இங்கே ஒட்டுக்கன்றுதான் நடுவார்கள்.

லைட்டைத் திருப்பினேன்.
நாற்பத்து நாலு. ஸ்டார்ச்.