துண்டை உதறுகிறவன்

கீழமாரட் வீதியில்
கண் கலங்கி நிற்பவனை ஏனென்று யாரும் கேட்பதில்லை.
வெங்காயம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.
அந்த வசதியில்தான் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்
சுயம்புலிங்கம் அண்ணாச்சி மண்டியில்.

புரட்டாசிக் கடைசியில்
நாசிக் லோடு இறங்கிய ராத்திரி
மூட்டைச் சந்தில் ஒரு மஞ்சள் பை கிடந்தது.
அறுபத்திரண்டாயிரம்.
எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.
சின்னவள் காலேஜ் பீஸ், சீட்டுப் பாக்கி,
பழங்காநத்தத்து வீட்டு அட்வான்ஸ்,
அளவெடுத்துத் தைத்த மாதிரி எல்லாம் அதற்குள் அடங்கின.
வாசலில் லோடுமேன்கள் படுத்திருந்தார்கள்.
காலிச் சாக்கில் சுருட்டிப் பின்கட்டில் வைத்தேன்.
விடியட்டும்.

விடிந்தபோது
ஒச்சப்பனைச் சுற்றி ஆள் நின்றது.
மூட்டை தூக்க வந்து நாலு மாசம்.
எந்த ஊருடா என்றார்கள்.
சொன்னான்.
"அதான பாத்தேன்" என்றார் ஒருத்தர்,
பார்க்காமலே.
வேட்டியை உதறச் சொன்னார்கள்.
பீடிக்கட்டு விழுந்தது, ஒரு இருபது ரூபாய் விழுந்தது,
காகிதத்தில் மடித்த பால்பல் ஒன்று.
மகளுடையதாம். கூரையில் எறிய மறந்திருக்கிறான்.
அதையும் பிரித்துப் பார்த்தார்கள்.

நான் சாக்கோடு வந்தேன்.
வெளியே போகத்தான் வந்தேன்.
சாக்கின் வாயில் பையின் காது தெரிந்திருக்கிறது.
"கண்டுபிடிச்சிட்டீரு வே!"
அண்ணாச்சி கட்டிக்கொண்டார்.
ஆமாம் என்று நான் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.
அவர் நெற்றித் திருநீறு என் காலரில் அப்பியது.

அன்றிலிருந்து நான் யோக்கியன்.
டீக்கடை மலைச்சாமி காசு வாங்குவதில்லை.
பக்கத்து மண்டிக்காரர்கள் கல்யாணம் காட்சிக்குப் போகையில்
ரூபாய்க் கட்டை என் கையில் திணிக்கிறார்கள்,
துண்டுச்சீட்டுகூட வேண்டாமாம்.
கல்லாச் சாவி என் இடுப்பில்.
என் தலைக்கு மேல் மட்டும் புது ஃபேன்.
அது சுற்ற ஆரம்பித்ததும்
அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடுகிறது.
தராசுக்காரன் சேவுகன், தூக்குவாளியைத் திறந்ததும்
முதல் கவளத்தை எனக்குத் தள்ளுகிறவன்,
"நீங்க சாப்பிடுங்கண்ணே" என்று திரும்பி உட்கார்ந்துகொள்கிறான்.
திருடவும் முடியவில்லை.
கை நீட்டினால் அத்தனை பேரும் என்னை நம்புகிறார்கள்.
சட்டை என் அளவில் இல்லை.
நான்தான் இளைத்துக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திகையில், மழை நாள் ஒன்றில்,
கடை சாத்துகிற நேரம் சொல்லிவிட்டேன்.
"அண்ணாச்சி, அன்னைக்கு நான் எடுத்துட்டுப் போகத்தான் இருந்தேன்."
நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
"இப்படிச் சொல்ல எவனுக்கு வே மனசு வரும்?"
அந்த மாசம் சம்பளத்தில் ஆயிரம் கூடியது.

ஒச்சப்பன் வேலையை விடவில்லை.
தப்பாப் போச்சுப்பா என்று ஒரு வாய் சொல்லவில்லை.
தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரு வேட்டி, அவனுக்கு இரண்டு.
ஒன்றை மடிப்புக் கலையாமல்
கல்லாப்பெட்டி மேலேயே வைத்துவிட்டுப் போனான்.

தினமும் பொழுது சாய
என் மேஜைக்கு எதிரே வந்து நிற்பான்.
யாரும் கூப்பிடுவதில்லை.
சட்டைப்பையை நாக்கு மாதிரி வெளியே இழுத்துவிடுவான்.
பீடிக்கட்டை வைப்பான், எடுப்பான்.
தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு உதறு.
வெங்காயத் தோல்கள் என் பேரேட்டில் வந்து உட்காரும்.
வேண்டாம்பா என்று முதல் வாரமே சொன்னேன்.
"இருக்கட்டும்ண்ணே.
நீங்க பாத்துட்டா அப்புறம் எவனும் பேச மாட்டான்."

நேற்று நானும் எழுந்து நின்றேன்.
என் பையைப் புரட்டி மேஜையில் கொட்டினேன்.
சாவி, பேனா, ஒரு விக்ஸ் மிட்டாய்.
"நீயும் பாத்துக்கப்பா" என்றேன்.

அவன் பார்க்கவில்லை.
ஆறே முக்காலுக்குப் பெரியாரில் அவனுக்கு பஸ்.