கல்

பணகுடிக்கு மேற்கே எங்கள் காற்றாலை ஆபீசில்
கண்ட்ரோல் ரூம் கதவுக்கு ரேகைப்பூட்டு உண்டு.
நாற்பத்திரண்டாயிரம். பில் பாஸ் பண்ணியவன் நான்.
ஆனி பிறந்தால் காற்று கதவைத் தூக்கித் தூக்கி அடிக்கும்,
அதனால் ஒரு கல்லை அண்டக் கொடுத்திருக்கிறோம்.
பூட்டு சிவப்பாய் மினுக்கிக்கொண்டே கிடக்கும்.
கல் அது பாட்டுக்கு இருக்கும்.

தகவல் பாதுகாப்புக் கமிட்டியில் ஐந்து பேர்,
ஐவருக்கும் வெள்ளெழுத்து.
முதல் கூட்டத்தில் முதல் தீர்மானம்:
சின்னப் பிள்ளைகளுக்குக் கவனம் போதாது,
வாசலில் டப்பா வைத்து
அவர்கள் செல்போனை வாங்கிப் போடவேண்டியது.
நானே எழுதி நானே வாசித்தேன்.
அன்றைக்கு வடையும் நன்றாக அமைந்திருந்தது.

ஆடி மூன்றாம் செவ்வாய்.
கியர்பாக்ஸ் பாக்கி பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
முதலாளி பெயரில் ஒரு மெயில்:
அவர்கள் பேங்க் கணக்கு மாறியிருக்கிறது,
கைண்ட்லி இன்றைக்கே அனுப்பவும்.
புதுக் கணக்கு எண்ணை அடித்தேன்.
ஓடிபி வந்தது. கண்ணாடி மேஜையில் இல்லை.
'இத வாசி பிள்ள' என்று
பிரம்மசக்தியிடம் போனை நீட்டினேன்.

களக்காட்டுக்காரி. டிரெய்னி. வந்து ஆறு மாசம்.
ஓடிபியை வாசிக்கவில்லை, என் தோளுக்கு மேலே
ஸ்கிரீனை வாசித்தாள்.
'சார், முதலாளி என்னைக்கு
கைண்ட்லின்னு எழுதியிருக்காரு?'

பதினோரு வருஷமாய் அவர் எனக்கு எழுதியதெல்லாம்
'அனுப்பும் வே' மட்டும்தான்.
உவரியில், மருமகன் பிள்ளைக்குக் காதுகுத்து,
மைக்செட் சத்தத்துக்கு நடுவே போனை எடுத்தார்.
'எந்தக் கணக்கும் மாறல. வையும் வே.'
அதற்குள் ஆறு இலக்கமும்
அவள் உள்ளங்கையிலேயே செத்துப்போயிருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
அவளும் சொல்லவில்லை.
அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டேன்.
ஆறாவது நாற்காலி கிடையாது,
கேன்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரைத்
தானே தூக்கிக்கொண்டு வந்தாள்.
என்ன சாப்ட்வேர் வாங்கலாம் என்று தலைவர் கேட்டார்.
'தப்பு நடந்துட்டுன்னு சொன்னா
ஏசாம இருப்பியளா சார்?' என்றாள்.
'போன மாசம் ஒரு லிங்க்க அமுக்கிட்டேன்.
ஒம்பது நாள் வெளிய சொல்லல.
வேல போயிரும்னு பயந்தேன்.'

தலைவர் கையில் வடை அப்படியே நின்றது.
காற்றாடிகள் வெளியே சுற்றுகிற சத்தம்
அன்றைக்குத்தான் அந்த ரூமுக்குள் கேட்டது.
என் வாயிலிருந்து தொகைதான் முதலில் வந்தது:
பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
பிறகு மிச்சம்.
பிறகு ஸ்டோர் கீப்பர் தளவாய், தரையைப் பார்த்துக்கொண்டு,
'ஸ்டோர் பாஸ்வேர்டு காலண்டருக்குப் பின்னால இருக்கு.'
'எல்லாருக்கும் தெரியும்' என்றோம்.
சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.
மினிட்ஸ் நோட்டில் இதை எழுத எனக்கு வாசகம் வரவில்லை.

போகும்போது அவள் காலால் கல்லை உருட்டிவிட்டாள்.
கதவு படீரென்று சாத்தியது.
நாங்கள் உள்ளே, டீ வெளியே.
எழுந்துபோய் நான்தான் திறந்தேன்.

மறுநாள் காலையில் கல் பழைய இடத்தில்.
யார் வைத்தது என்று நான் வாயைத் திறக்குமுன்னே
'நான்தான்' என்றார் தளவாய்.