சாம்பிள் பொட்டலம்

மைக்கில் என் பேரைச் சொன்னபோது
மூன்றாவது பந்தியில் இருந்தேன்.
"கீழமாசி வீதி கருத்தப்பாண்டி,
ரூபாய் ஐநூத்தி ஒண்ணு."
தண்ணீர் ஊற்றுகிற பையன்கூட
திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

என் மகள் கல்யாணத்தில்
முத்திருளாண்டி எழுதியது ஐயாயிரம்.
நோட்டில் இருக்கிறது, பச்சை மையில்.

பாண்டி கோயில் பக்கத்து மண்டபம்.
காத்தாடி சுற்றியும் காற்று இல்லை.
நெஞ்செலும்புக் குழம்பு, ரத்தப் பொரியல்,
குடல் வறுவல் இன்னொரு கரண்டி.
வேண்டாமென்று இலையை மறைத்தால்
முத்திருளாண்டி வந்து குனிந்து கேட்பான்.
அதற்காகவே வாங்கினேன்.
மெல்லாமல் விழுங்கினேன், எலும்பைத் தவிர.
எழுந்து கை கழுவினால் போதும் என்றிருந்தது.

இரவு ஒன்றரை. செல்லூர்.
படுத்தால் தொண்டை வரைக்கும்
ஆடு ஏறி வருகிறது.
உட்கார்ந்தால் இறங்குகிறது,
இறங்கி முட்டுகிறது.

வேலுத்தாய் லைட்டைப் போட்டாள்.
பெரியாஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக
ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவள்.
முதலில் வயிற்றைத் தொடவில்லை.
"இடது கை இழுக்குதா? தாடை வலிக்குதா? வேர்க்குதா?"
இல்லை. இல்லை. இல்லை.
"ஆமான்னு சொல்லியிருந்தா
இந்நேரம் ஆட்டோவுக்கு ஓடியிருப்பேன்."
பிறகுதான் தட்டிப் பார்த்தாள்,
தர்ப்பூசணி வாங்குகிறவள் மாதிரி.

"ஓமம் எங்க?"

தும்மினால் ஓமம், காதைக் குடைந்தால் ஓமம்,
நாளைக்கு நாற்பது மூட்டை எடை போடப் போகிறவன்
வீட்டு டப்பாவில்
நாலு கடுகும் ஒரு ரப்பர் பேண்டும்.

ஆணியில் தொங்கிய சட்டையை அவள்தான் இறக்கினாள்.
பையில் முதலாளி கொடுத்த சாம்பிள் பொட்டலம்.
காலையில் சிவகாசிக்காரருக்குக் காட்ட வேண்டியது.
கல் பொறுக்கி, தூசி புடைத்து, முதல் தரம்.
மூட்டைக்குள் இருப்பது வேறு.

இரண்டு சிட்டிகை உள்ளங்கையில் கசக்கி,
ஒரு கல் உப்பு வைத்து நீட்டினாள்.
"கறியத்தான் முழுங்குனீங்க,
இதையாவது மெல்லுங்க."
நாக்கு சுருண்டது. காது சுட்டது.
மேலே வெந்நீர், மடக்கு மடக்காக.
படுக்கக் கூடாதாம், நடக்க வேண்டுமாம்.

வைகைக் கரை ரோட்டில் நாங்களும் ஒரு நாயும்.
கூடல் நகர் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று
பெட்டி பெட்டியாகப் போய் முடியவே இல்லை.
"எவ்வளவு எழுதுனீங்க?"
சொன்னேன்.
நாலு விளக்குக் கம்பம் வரை அவள் பேசவில்லை.
ஐந்தாவதில் கேட்டாள்:
"அந்த ஒத்த ரூவா எதுக்கு?"

சிரிப்பு வந்தது.
அதை முந்திக்கொண்டு வந்தது ஏப்பம்.
நாய் எழுந்துபோய்
தள்ளிப் படுத்துக்கொண்டது.

பாதி இறங்கிவிட்டது.
நாலாயிரத்துச் சொச்சம் மட்டும்
விலாவுக்குக் கீழே அப்படியே இருக்கிறது.
அதற்கு வேலுத்தாயிடமும் மருந்தில்லை,
தை பிறக்கட்டும் என்கிறாள்.

காலையில் சிவகாசிக்காரர் பொட்டலம் பிரித்தார்.
"என்னப்பா, சாம்பிள் குறையுதே?"
"தரம் பார்த்தது, அண்ணாச்சி."
இரண்டு மணியை வாயில் போட்டுக்
கண்ணை மூடி மென்றார்.
தலையாட்டினார்.

நான் மூட்டைகள் இருந்த பக்கம்
திரும்பவே இல்லை.