எட்டாவது சான்றிதழ்

உலிசெஸ் பென்டன்கோர், வயது இருபத்தாறு,
பைசாந்து நகரம், உருகுவே.
இதுவரை கற்ற தொழில்கள்:
மெழுகுவர்த்தி வார்ப்பது, உறை ஒட்டுவது,
நாற்று மாற்றி நடுவது, பிஸ்கட் அடுக்குவது,
மறுபடியும் உறை ஒட்டுவது,
அந்த வருடம் வேறு வகுப்பில் இடமில்லை,
துணிக் கவ்விக்குக் கம்பி மாட்டுவது,
பிளாஸ்டிக் பிரிப்பது.
இதுவரை பார்த்த வேலை:
அங்கே நான் ஒரு கோடு இழுத்தேன்.

நான் மதிப்பீட்டாளர்.
என் கையில் ஒரு படிவம், அதில் மூன்று கட்டங்கள்.
தானாகச் செய்கிறார்.
சொன்னால் செய்கிறார்.
சொன்னாலும் செய்வதில்லை.
இதற்குள் அடங்காத மனிதரே கிடையாது
என்று படிவம் நம்புகிறது.
என் கணவர் இரண்டாவது கட்டம்.
திங்கட்கிழமைகளில் நான் மூன்றாவது.

மையத்தில் எல்லோரும் பிள்ளைகள் என்றுதான் சொல்வோம்.
தாடையில் சவரக் கீறலோடு வந்து
ஒரு பிள்ளை எனக்குக் கதவைத் திறந்துவிடும்.

எட்டாவது பயிற்சி, ஆற்றங்கரை ஓட்டலின் சலவை அறை.
துண்டுகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்க வேண்டும்.
உலிசெஸிடம் பத்து வரைக்கும்தான் எண்கள்.
அதற்கு மேல் இருப்பதற்கு
அவர் வைத்திருக்கும் பெயர், நிறைய.

முதல் வாரம் ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு குறைந்தது.
மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன்.
இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸுல்மா நின்றிருந்தாள்,
பதினெட்டு வருடமாக அதே இடம்,
வலது தோள் மேலே எழாது.
என்னைப் பார்க்காமலே அவரிடம் சொன்னாள்:
"பத்து வை. அப்புறம் உனக்கொன்று, எனக்கொன்று."

அதன் பிறகு ஓர் அடுக்கும் பிசகவில்லை.
பத்து முடிந்ததும் உதடு மட்டும் அசையும்,
உனக்கொன்று, எனக்கொன்று.
இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று
அலுவலகத்தில் கேட்டேன்.
யாரும் தலை நிமிரவில்லை.

ஜூன் கடைசியில் விழா.
பலூன், கேக், நகராட்சியிலிருந்து ஒருவர்.
"பிரிட்ஜ் கதவில் இடமில்லை"
என்றார் அவர் அம்மா, என் காதில் மட்டும்.
பெயர் கூப்பிட்டார்கள்.
உலிசெஸ் மேடையேறினார், நின்றார்,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
சான்றிதழ் காற்றில் நீண்டபடியே இருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

நகராட்சிக்காரர் சிரித்தார்.
நாங்களும் சிரித்தோம்.
சிரிப்பு ஓயும் வரை காத்திருந்தார்.
"நாளைக்கு. எத்தனை மணிக்கு?"

ஆகஸ்டில் ஒன்பதாவது பயிற்சி, சோப்பு செய்வது,
என்று சொல்ல என் வாய் தயாராக இருந்தது.
அந்தக் குளிரில்
படிவத்தால் விசிறிக்கொண்டேன்.

மறுநாள் ஆறே முக்காலுக்குத் தொலைபேசி.
ஓட்டல் காவலாளி.
"உங்கள் பையன் வாசலில் நிற்கிறான்."
என் பையன் இல்லை என்றேன். பஸ் பிடித்தேன்.
ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனியில்
பஸ் மெதுவாகப் போனது.
வாக்கியங்களை மடித்து மடித்து அடுக்கினேன்:
பயிற்சி வேறு, வேலை வேறு.
கொஞ்சம் பொறுக்க வேண்டும்.
உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது.

சலவை அறையில் ஆவி.
வண்டி நிறையச் சூடான துண்டுகள்,
ஏப்ரன் கட்டிய உலிசெஸ்.
ஸுல்மா உட்கார்ந்திருந்தாள்.
காலை ஏழு மணிக்கு உட்காருவது எப்படி என்று
இன்றுதான் கற்றுக்கொள்பவள் போல
நாற்காலியின் நுனியில்.

மேலாளர் கை நீட்டியபடி வந்தார்.
"இருக்கட்டுமே! ஆர்வமாக இருக்கிறார்.
பயிற்சி என்றே தொடரலாம்."

என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
"மணிக்கு எவ்வளவு?"

அவர் சிரித்தார்.
ஓயும் வரை காத்திருந்தேன்.
முதுகுக்குப் பின்னால் ஓர் அடுக்கு முடிந்து
அடுத்தது தொடங்கியது.
ஒன்று, இரண்டு, மூன்று.